மந்திரி பதவி போன பிறகு என்ன வேலை பார்க்கலாம்?

இங்கிலாந்து நாட்டில் 2024-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, வியாழக்கிழமை, பொதுத் தேர்தல் நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமையே பழைய பிரதம மந்திரி ரிஷி சுனக் பதவியை விட்டு இறங்கினார். அன்றைக்கே புதிய பிரதம மந்திரி கெயர் ஸ்டார்மர் பொறுப்பை ஏற்றார்.

அந்த நாட்டு வழக்கம் அப்படி. தோற்றவர் மூட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் கூடக் கிடையாது. முந்தின நாள் வரை வாசலில் சர்க்கார் கார் நிற்கும். பெட்டி நிறைய ரகசியக் காகிதங்கள் வரும். பெரிய அதிகாரிகள் எழுந்து நின்று பேசுவார்கள். மறுநாள் காரும் இல்லை, பெட்டியும் இல்லை.

பிரதமரோடு சேர்ந்து மற்ற மந்திரிகளும் வெளியே வருகிறார்கள். இங்கிலாந்து மந்திரிசபையில் பெரியவர், சிறியவர், உதவி மந்திரி எல்லோரையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேல். தேர்தல் வந்தால்தான் பதவி போகும் என்பதும் இல்லை. 2022-ம் ஆண்டில் லிஸ் டிரஸ் என்ற அம்மையார் பிரதமராக இருந்தது ஏழே வாரம்!

இப்படி வெளியே வந்தவர் அடுத்து என்ன செய்வார்? அவருக்கும் குடும்பம் உண்டு, பிள்ளைகள் உண்டு. ஏதாவது வேலை பார்த்துத்தானே ஆக வேண்டும்?

பார்க்கட்டும். ஆனால் எந்த வேலை? யாரிடம்? எப்போது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதற்காக இங்கிலாந்து 30 ஆண்டுகள் ஒரு கமிட்டியை நம்பியிருந்தது. 2025-ம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கமிட்டியையே கலைத்துவிட்டது. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

மாஜி மந்திரிக்கு ஏன் கிராக்கி?

பெரிய கம்பெனிகள் மாஜி மந்திரிகளைத் தேடிப் போய் வேலை கொடுக்கின்றன. டைரக்டர் என்பார்கள், ஆலோசகர் என்பார்கள். மாதத்தில் சில நாள் வந்து போனால் போதும். சம்பளமோ ஏராளம்.

அந்த மனிதரிடம் அப்படி என்ன இருக்கிறது?

முதலாவது, சர்க்கார் ரகசியம். எந்த வரி ஏறப் போகிறது, எந்தக் காண்டிராக்டு வரப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பழக்கம். நேற்றுவரை அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரிகள் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள். அவர் டெலிபோன் செய்தால் எடுக்காமல் இருப்பார்களா?

மூன்றாவது, அனுபவம். சர்க்கார் இயந்திரம் எப்படிச் சுழலும் என்பது அவருக்கு அத்துபடி.

மூன்றாவதை விற்பதில் குற்றம் இல்லை. தச்சர் தன் கைத்திறனை விற்கவில்லையா? அதுபோலத்தான். ஆனால் முதல் இரண்டும் அவருடைய சொந்தச் சொத்து அல்ல. பொதுமக்கள் அவரை நம்பி ஒப்படைத்தவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மந்திரி பாலம் கட்டும் காண்டிராக்டை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறார். ஆறு மாதத்தில் அவர் பதவி போகிறது. அதற்கு அடுத்த மாதமே அதே கம்பெனியில் டைரக்டராகச் சேர்கிறார்.

அவர் நேர்மையாகவே காண்டிராக்டு கொடுத்திருக்கலாம். ஆனால் ஊர் நம்புமா? ‘அன்று இவர் கொடுத்தார், இன்று அவர்கள் கொடுக்கிறார்கள்’ என்றுதானே பேசும்? நேர்மையான மந்திரிக்கும் கெட்ட பெயர்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. மந்திரி நாற்காலியில் இருக்கும்போதே, ‘நாளைக்கு நமக்கு இவர்கள் உதவுவார்கள்’ என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால்? அப்போது கையெழுத்து கொஞ்சம் சாயும். லஞ்சம் கைமாறியிருக்காது. சாட்சி இருக்காது. எந்தப் போலீசும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நஷ்டம் வரி கொடுக்கும் ஜனங்களுக்கு.

சிப்பந்திக்குக் கட்டு, எஜமானுக்கு இல்லை!

இங்கிலாந்தில் முதலில் கட்டுப்பாடு வந்தது அதிகாரிகளுக்குத்தான். 1975-ம் ஆண்டில், ஹரால்டு வில்சன் பிரதமராக இருந்தபோது, ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுபவர் தனியார் கம்பெனியில் சேர விரும்பினால், சேரலாமா என்று அந்தக் கமிட்டி யோசனை சொல்லும்.

மந்திரிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மந்திரியின் கீழ் வேலை பார்த்த செயலாளர் கமிட்டிக்கு மனுப் போட வேண்டும். அந்தச் செயலாளருக்கு உத்தரவு போட்ட மந்திரியோ யாரையும் கேட்க வேண்டியதில்லை!

1980-க்குப் பிறகு மார்கரெட் தாட்சர் அம்மையாரின் ஆட்சியில் சர்க்கார் கம்பெனிகள் பல தனியாருக்கு விற்கப்பட்டன. டெலிபோன் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் 1984-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. அப்போது தொழில் இலாகா மந்திரியாக இருந்தவர் நார்மன் டெபிட். 1987-ம் ஆண்டில் அவர் மந்திரிசபையை விட்டு விலகினார். அதே ஆண்டு அந்த டெலிபோன் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர் ஆனார்.

1986-ம் ஆண்டு காஸ் கம்பெனி விற்கப்பட்டது. அந்த இலாகாவின் மந்திரி பீட்டர் வாக்கர். 1990-ம் ஆண்டில் அவர் அந்தக் காஸ் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர் ஆனார்.

இருவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறுவதற்கு அங்கே ஒரு விதியே இல்லை! ஆனால் ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

நீதிபதி நோலன் வந்தார்

1994-ம் ஆண்டில் ஒரு புயல் கிளம்பியது. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்காகச் சில மெம்பர்கள் வெளியாரிடம் காசு வாங்கினார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. நாடே கொதித்தது.

பிரதமர் ஜான் மேஜர், நோலன் பிரபு என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டியை அமைத்தார். பொது வாழ்வில் இருப்பவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஆராய்வது அதன் வேலை.

1995-ம் ஆண்டு மே மாதம் நோலன் முதல் அறிக்கையைக் கொடுத்தார். பொதுப்பணியில் இருப்பவர்களுக்கு ஏழு குணங்கள் வேண்டும் என்றார். தன்னலம் இல்லாமை, நாணயம், நடுநிலை, பொறுப்பு, ஒளிவுமறைவு இல்லாமை, உண்மை, முன்மாதிரியாக நடத்தல் என்பவையே அந்த ஏழு.

கூடவே இன்னொன்றும் சொன்னார். அதிகாரிகளுக்கு உள்ள கட்டுப்பாடு மந்திரிகளுக்கும் வேண்டும் என்பது அது. சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1995 முதல் மாஜி மந்திரிகளும் கமிட்டியின் யோசனையைக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

விதிகள் என்ன?

மாஜி மந்திரிகளுக்கு வகுக்கப்பட்ட விதிகள் சுருக்கமானவை.

1. பதவி விட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, எந்த வேலையை ஏற்பதாக இருந்தாலும் முதலில் கமிட்டிக்கு எழுத வேண்டும்.

2. கமிட்டியின் பதில் வரும் முன்பு அந்த வேலையில் சேரக் கூடாது. சேரப் போவதாக அறிவிக்கவும் கூடாது.

3. மந்திரிசபையில் இடம் பெற்ற பெரிய மந்திரியாக இருந்தால், சாதாரணமாக மூன்று மாதமாவது சும்மா இருக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை காத்திருக்கும்படி கமிட்டி சொல்லலாம்.

4. பதவி விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், புதிய முதலாளிக்காகச் சர்க்காரிடம் சிபாரிசுக்குப் போகக் கூடாது.

5. பதவியில் இருந்தபோது தெரிந்த ரகசியங்களை உபயோகிக்கக் கூடாது.

கமிட்டி என்ன செய்யும்? அந்த மாஜி மந்திரி வேலை பார்த்த இலாகாவை விசாரிக்கும். ‘இந்தக் கம்பெனி சம்பந்தமாக இவர் ஏதாவது முடிவு எடுத்தாரா? இவருக்குத் தெரிந்த ரகசியம் அந்தக் கம்பெனிக்கு லாபமா?’ என்று கேட்கும். பிறகு ‘சேரலாம்’, ‘இன்ன நிபந்தனையோடு சேரலாம்’, ‘சேர்வது சரியல்ல’ என்று கடிதம் எழுதும். வேலையில் சேர்ந்ததும் அந்தக் கடிதம் பகிரங்கமாக வெளியிடப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நல்ல ஏற்பாடுதானே? ஆனால் ஒரு குறை. கமிட்டி சொன்னது யோசனை. உத்தரவு அல்ல. கேட்காவிட்டால் அபராதம் இல்லை, வழக்கு இல்லை, தண்டனை இல்லை. பத்திரிகையில் பெயர் வரும், நாலு பேர் திட்டுவார்கள். அவ்வளவுதான்!

ஆசிரியர் ஆன நிதி மந்திரி

ஜார்ஜ் ஆஸ்பர்ன் ஆறு ஆண்டுகள் இங்கிலாந்தின் நிதி மந்திரியாக இருந்தவர். 2016-ம் ஆண்டு ஜூலையில் பதவி போயிற்று. பாராளுமன்ற மெம்பர் பதவி மட்டும் கையில் இருந்தது.

உலகிலேயே மிகப் பெரிய முதலீட்டுக் கம்பெனி பிளாக்ராக். அது அவரை ஆலோசகராக அமர்த்தியது. ஆண்டுக்கு 48 நாள் வேலை. சம்பளம் 6½ லட்சம் பவுன். (நகைக்கடைப் பவுன் அல்ல, இது இங்கிலாந்து நாணயம்.) அப்படியானால் ஒரு நாள் கூலி 13 ஆயிரம் பவுனுக்கும் மேல்! இதற்கு அவர் முறைப்படி கமிட்டியிடம் யோசனை கேட்டார். கமிட்டியும் நிபந்தனைகளோடு சம்மதித்தது.

அடுத்ததுதான் விவகாரம். 2017-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, லண்டன் நகரில் அப்போது இலவசமாக வினியோகிக்கப்பட்டு வந்த ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ என்ற பத்திரிகைக்கு அவர் ஆசிரியர் ஆகப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. கமிட்டிக்கு மனுப் போட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் ஊருக்கெல்லாம் சேதி தெரிந்துவிட்டது!

சர்க்காரைக் கண்காணிப்பது பத்திரிகையின் வேலை. நேற்றைய நிதி மந்திரியே, அதுவும் மெம்பர் பதவியை விடாமல், பத்திரிகை ஆசிரியர் ஆவதா என்று பலரும் கேட்டார்கள். பதில் வரும் முன்பே அறிவித்தது சரியல்ல என்று கமிட்டி குறை சொல்லிற்று. கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தது. வேறு என்ன செய்ய முடியும்? அடுத்து வந்த தேர்தலில் ஆஸ்பர்ன் போட்டியிடவில்லை. ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

அரை மணி நேர அவகாசம்

போரிஸ் ஜான்சன் வெளிநாட்டு மந்திரி பதவியை 2018-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ராஜினாமா செய்தார். மந்திரி ஆவதற்கு முன்பு அவர் ஒரு தினசரியில் வாராவாரம் கட்டுரை எழுதி வந்தவர். அதே பத்திரிகையில் மறுபடி எழுத ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 2 லட்சத்து 75 ஆயிரம் பவுன். ராஜினாமா செய்த ஒரு வாரத்துக்குள் கட்டுரை வெளிவந்துவிட்டது!

மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்ற விதி என்ன ஆயிற்று? முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்ற விதி என்ன ஆயிற்று? இது ஏற்கத் தக்கது அல்ல என்று கமிட்டி கடிதம் எழுதியது. கடிதத்தோடு சரி.

பிறகு அதே ஜான்சன் நாட்டின் பிரதம மந்திரியும் ஆனார். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் பதவியை விட்டார். 2023-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி இன்னொரு தினசரியில் கட்டுரை எழுதப் போவதாக அறிவிப்பு வந்தது. கமிட்டிக்கு எப்போது தெரிவித்தார் தெரியுமா? அறிவிப்பு வெளிவருவதற்கு அரை மணி நேரம் முன்பு!

இது தெளிவான விதிமீறல் என்றது கமிட்டி. அதன் தலைவர் பிக்கிள்ஸ் பிரபு, ஜான்சனின் கட்சியைச் சேர்ந்தவர், மந்திரியாகவும் இருந்தவர். அவரே துணைப் பிரதமருக்குப் புகார் எழுதினார். ஆனால் ஜான்சனுக்கு ஒரு காசு அபராதம் விழவில்லை. விதிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பத்திரிகையில் கட்டுரை எழுதுவது பெரிய பாவமா என்று நீங்கள் கேட்கலாம். பாவம் அல்ல. முறையாகக் கேட்டிருந்தால் சம்மதம் கிடைத்திருக்கவும் கூடும். ஆனால் நாட்டின் முதல் மந்திரியாக இருந்தவரே வாசல் கதவைத் தட்டாமல் நுழைந்தால், பின்னால் வருகிறவர்கள் எப்படித் தட்டுவார்கள்?

25-வது மாதம்

விதியை மீறியவர் கதை இது. விதியை மீறாமலே நடந்த கதை இன்னொன்று உண்டு. அதுதான் நாட்டை உலுக்கியது.

டேவிட் கேமரன் ஆறு ஆண்டுகள் பிரதமராக இருந்தார். 2016-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி பதவியை விட்டார். விதிப்படி 2018 ஜூலை வரை இரண்டு ஆண்டு கட்டுப்பாடு. 2018 ஆகஸ்டில் அவர் கிரீன்சில் என்ற கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார். கட்டுப்பாடு முடிந்த அடுத்த மாதம்! அதனால் கமிட்டியைக் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

கிரீன்சில் செய்த தொழில் என்ன? ஒரு வியாபாரி பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிறார். பில் பணம் வர மூன்று மாதம் ஆகும். கிரீன்சில் அந்தப் பணத்தை உடனே வியாபாரிக்குக் கொடுத்துவிடும். பிறகு பெரிய கம்பெனியிடம் வசூல் செய்துகொள்ளும். நடுவில் ஒரு கமிஷன். கேமரன் பிரதமராக இருந்த நாளில், அந்தக் கம்பெனியின் அதிபர் சர்க்காருக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியது. கடைகள் மூடின. தத்தளித்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்க அரசாங்கம் திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் கிரீன்சிலுக்கும் இடம் வேண்டும் என்று கேமரன் முயன்றார். அப்போதைய நிதி மந்திரி ரிஷி சுனக்கின் செல்போனுக்கே செய்தி அனுப்பினார். மற்ற மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சொன்னார்.

நிதி இலாகா மறுத்துவிட்டது. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் கிரீன்சில் கம்பெனி திவால் ஆயிற்று. அப்புறம்தான் செல்போன் செய்திகள் வெளிச்சத்துக்கு வந்தன. முறையான வழியில் மட்டுமே சர்க்காரை அணுகியிருக்க வேண்டும் என்று கேமரனே ஒப்புக்கொண்டார்.

பாராளுமன்றக் கமிட்டி விசாரித்தது. 2021 ஜூலையில் அறிக்கை வந்தது. கேமரன் விவேகக் குறைவாக நடந்துகொண்டார் என்றது அந்த அறிக்கை. விதி எதையும் அவர் மீறவில்லை என்றும் சொன்னது. அப்படியானால் விதியே போதாது என்றுதானே அர்த்தம்?

காலண்டரில் 24 மாதம் முடிந்துவிட்டால் பிரதமரின் பழக்கம் பழசாகி விடுமா? நாட்டை ஆண்டவர் செய்தி அனுப்பினால், 25-வது மாதத்திலும் மந்திரி படிக்கத்தான் செய்வார்.

மாஜி மந்திரியும் சாப்பிட வேண்டாமா?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதுதான் நியாயம்.

கட்டுப்பாட்டை மிகவும் இறுக்கினால் என்ன ஆகும்? ஒருவர் டாக்டராகவோ, வக்கீலாகவோ, ஆசிரியராகவோ இருந்து அரசியலுக்கு வருகிறார். ஒரு வருஷம் மந்திரியாக இருக்கிறார். பிறகு பதவி போகிறது. ‘இரண்டு ஆண்டு எந்த வேலையும் பார்க்காதே’ என்றால் அவர் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? பிறகு வசதி படைத்தவர்கள்தான் மந்திரி வேலைக்கு வருவார்கள். சாமானிய வீட்டுப் பிள்ளை வரமாட்டான்.

ஜெர்மனி இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே கெர்ஹார்டு ஷ்ரோடர் என்பவர் 2005-ம் ஆண்டு நவம்பரில் பிரதமர் பதவியை விட்டார். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் காஸ் குழாய் போடும் திட்டத்தைப் பதவியில் இருந்தபோது ஆதரித்தவர் அவர். அந்தக் குழாய்க் கம்பெனியில் பெரிய பொறுப்பை ஏற்கப் போகிறார் என்ற செய்தி அடுத்த மாதமே வந்தது. கண்டனம் எழுந்தது. ஆனாலும் சட்டம் வருவதற்கு 2015-ம் ஆண்டு ஆயிற்று. அந்தச் சட்டப்படி, ஒரு வேலை பொது நன்மைக்குப் பாதகம் என்று கருதினால், மாஜி மந்திரியை ஓர் ஆண்டு வரை, சில சமயம் 18 மாதம் வரை அரசாங்கம் தடுத்து நிறுத்தலாம். அந்தக் காலத்துக்குப் படிப்பணமும் கிடைக்கும். ‘காத்திரு’ என்று சொல்லும் கை, சாப்பாடும் போடுகிறது.

மற்ற நாடுகள் வேறு மாதிரி. கனடாவில் மாஜி மந்திரி தான் நேரடியாகத் தொடர்பு வைத்திருந்த கம்பெனிகளில் இரண்டு ஆண்டுகளுக்குச் சேரக் கூடாது. கூலி வாங்கிக்கொண்டு சர்க்காரிடம் சிபாரிசு செய்யும் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்கு இறங்கக் கூடாது. சிபாரிசுத் தடையை மீறினால் 50 ஆயிரம் டாலர் வரை அபராதம். பிரான்சில் தன் மேற்பார்வையில் இருந்த கம்பெனியில் மூன்று ஆண்டுகளுக்குள் சேர்வது கிரிமினல் குற்றம். மூன்று ஆண்டு ஜெயிலும், 2 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கலாம்.

இந்த நாடுகளில் சட்டம் பேசுகிறது. இங்கிலாந்தில் கமிட்டி கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

புதிதாக முளைத்த பல்

பல் இல்லாத காவல் நாய் என்று அந்தக் கமிட்டியை எல்லோரும் கேலி செய்தார்கள். ஸ்டார்மர் சர்க்கார் 2025-ம் ஆண்டு ஜூலையில் ஒரு முடிவை அறிவித்தது. அக்டோபரில் 50 ஆண்டுக் கமிட்டி கலைக்கப்பட்டது.

அதன் வேலை இரண்டாகப் பிரிந்தது. பெரிய அதிகாரிகளின் மனுக்கள் அரசு ஊழியர் கமிஷனுக்குப் போயின. மாஜி மந்திரிகளின் மனுக்கள், மந்திரிகளின் நடத்தையைக் கவனிக்கும் சுயேச்சையான ஆலோசகரிடம் போயின.

முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 65 வயதுக்குக் கீழ்ப்பட்ட மந்திரி பதவி விட்டால், மூன்று வாரத்துக்குள் வேறு மந்திரி பதவி கிடைக்காவிட்டால், ஆண்டுச் சம்பளத்தில் கால் பங்கு விலகல் தொகையாகக் கிடைக்கும். எவ்வளவு நாள் பதவியில் இருந்தார் என்ற கணக்கே முன்பு கிடையாது. 2022-ம் ஆண்டு ஜூலையில் கல்வி மந்திரி ஒருவர் இரண்டே நாளில் ராஜினாமா செய்தார். அவருக்கு 16 ஆயிரத்து 876 பவுன் சேர வேண்டும் என்று கணக்கு வந்தது! அந்த அம்மையார் தனக்கு வேண்டாம், வந்தால் தருமத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

புதிய ஏற்பாட்டின்படி, ஆறு மாதம் கூடப் பதவியில் இல்லாதவருக்கு அந்தத் தொகை இல்லை. ஒழுங்கு விதிகளைப் பெரிய அளவில் மீறிப் பதவி இழந்தவருக்கும் இல்லை. வெளிவேலை விதிகளைப் பெரிய அளவில் மீறினால், வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பல் முளைத்துவிட்டது, சந்தேகம் இல்லை. ஆனால் அது பால் பல்லா, கடைவாய்ப் பல்லா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ம் ஆண்டுக் கணக்கில் பெரிய மந்திரியின் விலகல் தொகை 16 ஆயிரத்து 876 பவுன். ஆஸ்பர்னுக்குப் பிளாக்ராக் கொடுத்த சம்பளப்படி பார்த்தால், இது ஒன்றேகால் நாள் கூலி! அவர் அந்த வேலையை முறைப்படி கேட்டுத்தான் பெற்றார். ஆனால் அவ்வளவு பெரிய சம்பளம் காத்திருக்கும்போது, கேட்காமல் நுழைய நினைக்கும் ஒருவரை, ஒன்றேகால் நாள் கூலி தடுத்து நிறுத்துமா?

இரண்டு ஆண்டுக் கணக்கும் அப்படியே இருக்கிறது. 25-வது மாதம் இன்னும் திறந்த வாசல்தான்.

மிஞ்சுவது என்ன?

பழைய கமிட்டியால் உபயோகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ மாஜி மந்திரிகள் ஒழுங்காக எழுதிக் கேட்டார்கள்; நிபந்தனையை ஏற்று நடந்தார்கள். அவர்கள் பெயர் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரவில்லை. ஒழுங்காக நடப்பது செய்தி ஆவதில்லையே!

அந்தக் கமிட்டி செய்த பெரிய நன்மை, கடிதங்களை ஊரறிய வெளியிட்டதுதான். ஆஸ்பர்ன் சங்கதியும், ஜான்சன் சங்கதியும் நமக்குத் தெரிவதற்கு அந்தக் கடிதங்களே காரணம். படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்டுக் கேட்டுத்தான் 2025-ம் ஆண்டில் சர்க்கார் மாற்றம் செய்தது.

வெட்கப்படுகிறவரைக் கடிதம் தடுக்கும். வெட்கப்படாதவரைத் தடுக்க அபராதம் வேண்டும். அதுவும் அவர் சம்பாதிக்கப் போகிற பணத்துக்கு ஏற்ற அபராதமாக இருக்க வேண்டும். இங்கிலாந்து இப்போதுதான் அந்தப் பாதையில் முதல் அடி வைத்திருக்கிறது.

மந்திரியின் நாற்காலி அவருடையது அல்ல; ஜனங்கள் கொஞ்ச காலம் உட்காரச் சொன்னது. எழுந்து போகும்போது நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. விதி சொல்வது இவ்வளவுதான்.